பெட்டியின் குரலும் பியானோவும்

1990களில் கோடை விடுமுறை வந்துவிட்டால் நம் குடியிருப்புகளில் மாடிக்கு மாடி ஓர் ஓசை கேட்கும். தொலைக்காட்சிக்கு முன்னால் பாயை விரித்துப் பிள்ளைகள் நால்வர் ஐவர் அமர்ந்திருப்பர். சிறு பெட்டி ஒன்று. அதில் செருகிய மஞ்சள் நிறக் 'கேசட்' ஒன்று. கம்பியில் கட்டிய கைப்பிடிகள் இரண்டு. இதற்கு 'டி.வி. கேம்' என்று பெயர். மீசைக்காரன் ஒருவன் திரையில் ஓடுவான்; தாவுவான்; நாணயம் பொறுக்குவான். அவன் ஓட ஓட, விட்ட இடத்தைத் தொட்டுத் தொட்டு ஒரு பாட்டும் உடன் ஓடும். நூறு முறை கேட்ட பின், "அந்தப் பீப்பீயை நிறுத்த மாட்டீர்களா?" என்று சமையலறையிலிருந்து ஒரு குரல் எழும். இது அன்று பல வீடுகளில் நிகழ்ந்த அன்றாட நாடகம்.

அந்தப் பீப்பீ ஓசை இன்று பியானோவுக்குப் பக்கத்தில் சரியாசனம் பெற்றுவிட்டது. முந்நூறு ஆண்டு வரலாறு உடைய பெருமைமிக்க வாத்தியத்தோடு, விளையாட்டுப் பெட்டியின் சில்லொலியைச் சேர்த்து இசைப்போர் பல நாடுகளில் இருக்கின்றனர். இது வெறும் வேடிக்கை அன்று. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துக் கேட்கும்போதுதான் ஒவ்வொன்றின் இயல்பும் நமக்கு விளங்குகிறது.

ஏழ்மையில் பிறந்த இசை

ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலை 15 அன்று 'ஃபேமிகாம்' என்னும் விளையாட்டுப் பெட்டியை விற்பனைக்குக் கொணர்ந்தது. அதன் உள்ளே ரிக்கோ நிறுவனம் வடித்த '2ஏ03' என்னும் சில்லு ஒன்று இருந்தது. கணக்கிடுவதும் அதுவே, பாடுவதும் அதுவே. அதற்கு இருந்த குரல்கள் ஐந்து. இரண்டு துடிப்பலைக் குரல்கள். ஒரு முக்கோண அலைக் குரல். ஓர் இரைச்சல் குரல். பதிவு செய்த சிறு ஒலித்துண்டை ஒலிக்கும் குரல் ஒன்று.

துடிப்பலை என்பது மின்னோட்டம் ஒரு நிலையிலிருந்து மறு நிலைக்குத் தாவித் தாவி எழுப்பும் ஒலி. ஒரு சுற்றில் அது மேலே நிற்கும் நேரத்தைப் பொறுத்து நாதம் மாறும். எட்டில் ஒரு பங்கு நேரம் நின்றால் மெலிந்த மூக்கொலி. பாதி நேரம் நின்றால், கிளாரினெட்டின் கீழ் ஸ்தாயியை ஒத்த, உள்ளே கூடு விழுந்தாற்போன்ற ஒலி. இக்குரலின் உரப்புக்கு 16 படிகள் மட்டுமே. அவற்றுள் ஒன்று மௌனம். முக்கோணக் குரலுக்கு அந்தப் படிகளும் இல்லை. ஒலிக்கும்; அல்லது ஓயும்; அவ்வளவே.

இத்தகைய வறுமையில் வாழ்க்கை நடத்த வேண்டியிருந்தது அக்கால இசையமைப்பாளர்களுக்கு. மூன்று சுரங்களை ஒருங்கே ஒலிக்க வேண்டும், குரலோ ஒன்றுதான் உண்டு என்றால் என் செய்வது? அந்த மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக, கண்ணிமைப்பதற்குள் மாற்றி மாற்றி ஒலித்தனர். ஒரு நொடிக்குள் பல முறை சுழலும் அச்சுரங்கள் காதுக்குச் சலசலக்கும் ஒரே கூட்டொலியாகக் கேட்டன. இன்று 'பழைய கேம் ஓசை' என்றதும் நம் நினைவுக்கு வருவது இந்தச் சலசலப்பே. இல்லாமையை மறைக்கச் செய்த உபாயம், பின்னர் அந்த இசையின் அழகாகவே ஆகிவிட்டது.

1985இல் கோஜி கொண்டோ 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' ஆட்டத்துக்கு இசை அமைத்தார். படம், விதிமுறை, இசை ஆகிய யாவும் அடங்கிய அந்த ஆட்டத்தின் மொத்த அளவு 40 கிலோபைட். இன்று கைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் அதைவிடப் பல மடங்கு பெரிது. ஆடம்பரத்துக்கு இடமில்லாத அந்தச் சிறு குடிசையில் நல்ல மெட்டு ஒன்றே வாழ முடியும். நாதத்தின் இனிமை கைகொடுக்காதபோது மெட்டின் வலிமையை நம்ப வேண்டும் அன்றோ? அம்மெட்டின் வலிமையை உலகம் ஏற்றுக்கொண்டது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் காக்கத் தக்கவை எனத் தேர்ந்து வைக்கும் ஒலிப்பதிவுகளின் வரிசையில் 2023இல் அதுவும் இடம் பெற்றது. விளையாட்டு இசை ஒன்று அவ்வரிசையில் சேர்ந்தது அதுவே முதல் முறை.

தேயும் ஒலி, தேயாத ஒலி

பியானோவின் கதை வேறு. இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் மெடிச்சி அரச குடும்பத்தின் வாத்தியங்களைப் பேணிவந்த பார்தலோமியோ கிறிஸ்தோஃபோரி 1700ஆம் ஆண்டளவில் அதனைச் சமைத்தார். அதற்கு முன் இருந்த ஹார்ப்ஸிகார்டு என்னும் வாத்தியத்தில் கட்டையை மெல்ல அழுத்தினாலும் ஓங்கி அழுத்தினாலும் ஒலியின் உரப்பு அநேகமாக ஒன்றே. கிறிஸ்தோஃபோரி தந்தியை மீட்டுவதை விடுத்துச் சிறு சுத்தியலால் தட்டச் செய்தார். விரலின் மென்மையும் வன்மையும் ஒலியில் இறங்கின. 'மெல்லென, வல்லென' என்று பொருள்படும் இத்தாலியச் சொற்களிலிருந்தே பியானோ என்ற பெயர் வந்தது.

இங்கே ஒரு நுட்பத்தை நோக்க வேண்டும். பியானோவின் சுரம் பிறந்த கணத்திலேயே தேயத் தொடங்குகிறது. தட்டியபின் அதை வளர்க்க வாசிப்பவரால் இயலாது, வளைக்கவும் இயலாது. நம் வீணையிலாவது தந்தியை இழுத்துக் கமகம் காட்டலாம். பியானோவில் ஒரு கட்டைக்கும் மறு கட்டைக்கும் இடையே பாலம் இல்லை.

சில்லின் குரலோ நிறுத்தும் வரை தேயாது. முதல் நொடியில் எப்படியோ, பத்தாம் நொடியிலும் அப்படியே. கட்டளை கொடுத்தால் ஒரு சுரத்திலிருந்து மறு சுரத்துக்கு வழுக்கிச் செல்லும், நடுங்கும், அசையும். ஆனால் அதற்கு விரல் இல்லை. களைப்பும் தயக்கமும் பரிவும் அதற்குத் தெரியா.

ஒன்றுக்கு இல்லாதது மற்றொன்றுக்கு உண்டு. இவ்விரண்டையும் சேர்ப்பதன் பொருள் இதுவே. தம்பூராவின் ஓயாத நாதத்தின் மேல் வீணையின் தேயும் நாதம் நடப்பதைக் கேட்டுப் பழகிய நமக்கு இது விளங்காத புதுமையும் அன்று. மின்சாரச் சுருதிப்பெட்டியை மேடையில் வைத்துப் பாடுவோர் இன்று எத்தனை பேர்! இயந்திரத்தின் குரலுக்கு அருகே உயிருள்ள குரல் அமர்வதை நாம் முன்னமே ஏற்றுக்கொண்டோம்.

சுருதிச் சிக்கல்

ஆயினும் இருவரையும் ஒரு மேடையில் அமர்த்துவது எளிதன்று. முதல் தடை சுருதி.

ஃபேமிகாமின் துடிப்பலைக் குரல் நொடிக்கு ஏறத்தாழ 1,11,861 என்னும் எண்ணை ஒரு முழு எண்ணால் வகுத்தே தன் சுரத்தைப் பெறுகிறது. 254ஆல் வகுத்தால் 440.4 அதிர்வு. மேனாட்டார் சுருதி கூட்டுவதற்கு அடிப்படையாகக் கொள்ளும் 'ஏ' என்னும் சுரத்துக்கு அதிர்வு 440. வேறுபாடு காதுக்குத் தெரியாது. ஆனால் பியானோவின் மிக உயர்ந்த சுரத்துக்கு 4,186 அதிர்வு வேண்டும். 27ஆல் வகுத்தால் கிடைப்பது 4,143. 26ஆல் வகுத்தால் 4,302. இடையில் வேறு எண் இல்லை. ஆகவே மேல் ஸ்தாயியில் பெட்டி சுருதி பிசகியே தீரும். கீழ் ஸ்தாயியிலோ மற்றொரு வியப்பு. முக்கோணக் குரல் இறங்கக் கூடிய எல்லை நொடிக்கு 27.3 அதிர்வு, பியானோவின் கடைசிக் கட்டை 27.5. மேலே பிணங்கும் இருவரும் அடித்தளத்தில் அநேகமாகக் கைகோத்து நிற்கின்றனர்.

இரண்டாவது தடை தாளம். உடன் வாசிக்கும் மனிதர் நம் மூச்சைப் பார்த்துச் சற்றே நின்று வருவார். பெட்டி நிற்காது. அதன் தாளம் திரையில் படம் மாறும் கணக்கோடு பிணைந்தது. ஜப்பானில் அக்கணக்கு நொடிக்கு 60. இந்தியத் தொலைக்காட்சி முறையில் 50. அந்த 50க்கு அமைந்த நகல் பெட்டிகளில் அதே பாட்டு ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடியது. நகல் சில்லுகள் பலவற்றில் துடிப்பலையின் கால்பங்கு நாதமும் அரைப்பங்கு நாதமும் இடம் மாறியும் இருந்தன. நம் பிள்ளைகள் கேட்டது ஜப்பானியப் பிள்ளைகள் கேட்ட அதே பாட்டுத்தான். ஆனால் நடையும் குரலும் சற்றே வேறு.

செம்பூரில் ஒரு மாலை

இதனை ஏட்டில் படித்து மட்டும் நான் எழுதவில்லை. மும்பைச் செம்பூரில் எனக்கு அண்டை வீட்டுக்காரர் ஒருவர். அவர் மகள் பன்னிரண்டு வயதுச் சிறுமி, பியானோ பயில்கிறாள். பழையதாக வாங்கிய பியானோ அது. பல ஆண்டு சுருதி கூட்டப்படாமல் தந்திகள் தளர்ந்திருந்தன. ஒரு நாள் பரணை ஒழித்தபோது தந்தையின் இளமைக்கால டி.வி. கேம் பெட்டி வெளிவந்தது. பழைய சாமான்காரர் கீழே காத்திருந்தார். "ஒரே ஒரு முறை போட்டுக் காட்டுங்கள் அப்பா" என்று சிறுமி கேட்டதனால் அது பிழைத்தது.

பழைய தொலைக்காட்சி ஒன்றில் அதை இணைத்தார்கள். மீசைக்காரனை நடக்க விடாமல் ஆட்டத்தின் தொடக்கத்திலேயே நிறுத்தி வைத்தால், ஆபத்து ஒன்றும் நெருங்காது. பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். சிறுமி அதே பாட்டின் சுரக்குறிப்பை எங்கிருந்தோ தேடி எடுத்துப் பயின்று, பெட்டியோடு சேர்ந்து வாசித்தாள். கேட்கச் சகிக்கவில்லை. சுருதி ஒரு பக்கம் இழுத்தது. தாளம் ஒரு பக்கம் இழுத்தது.

"பெட்டி பழுதாகிவிட்டதா அப்பா? மெதுவாகப் போகிறதே" என்றாள்.

"இல்லை அம்மா. எனக்குத் தெரிந்த பாட்டே இந்த நடைதான். உன் நடைதான் எனக்கு ஓட்டமாக இருக்கிறது" என்றார் தந்தை.

அந்தச் சொல் என் மனத்தில் தைத்தது. பல ஆண்டுகளாகத் தம் நினைவில் வைத்திருந்த பாட்டு, மூலத்தின்படி பார்த்தால் பிழையான பாட்டு! ஆனால் அவருக்கு அதுவே மூலம்.

சில நாட்களுக்குப் பின் பியானோவுக்குச் சுருதி கூட்டும் முதியவர் வந்தார். தந்திகள் பழையவை, ஒரேயடியாக 440க்கு ஏற்றினால் அறுந்துபோகக் கூடும், இம்முறை சிறிது ஏற்றி நிறுத்துவதே நலம் என்றார். எங்கே நிறுத்துவது என்ற கேள்வி எழுந்தது. சிறுமி ஓடிப் பெட்டியை முடுக்கினாள். நகல் பெட்டியின் கடிகாரம் சற்றே மந்தம் ஆகையால், அதன் சுருதியும் 440க்கு அரைச்சுரத்தில் ஆறில் ஒரு பங்கு தாழ்ந்து, ஏறத்தாழ 436இல் நின்றது. முதியவர் சிரித்தார். தொழிலில் இத்தனை ஆண்டில் சுருதிக்கவையை விடுத்து விளையாட்டுப் பெட்டிக்குக் காது கொடுத்தது இதுவே முதல் முறை என்று சொல்லிக்கொண்டே, தந்திகளை அதற்கு இசைத்தார். இரு ஒலிகளும் மோதி எழுந்த அலை மெல்ல மெல்லத் தளர்ந்து ஓய்ந்தபோது அறையில் இருந்த யாவரும் அதை உணர்ந்தோம்.

அன்று மாலை சிறுமி மீண்டும் வாசித்தாள். இம்முறை பெட்டியின் மெட்டைப் பின்தொடரவில்லை. அதற்கு இடம் விட்டு, அடியில் கனத்த சுரங்களை வைத்தாள். பெட்டி மூச்சு வாங்கும் இடைவெளிகளில் மேலே இரண்டு மூன்று சுரங்களைத் தூவினாள். முன்பெல்லாம் கொட்டும் ஊசியாக இருந்த பெட்டியின் குரல், பியானோவின் தேயும் நாதத்தின் மேல் அமர்ந்தபோது ஒரு சிறுவன் சீழ்க்கையடித்துக்கொண்டு மழை ஓய்ந்த தெருவில் நடப்பதுபோல் ஒலித்தது. இரண்டு நிமிடம் கடந்திருக்கும். திடீரென்று பெட்டி ஓர் எச்சரிக்கை ஒலி எழுப்பிவிட்டு, பாட்டை விரைந்து ஓட்டத் தொடங்கியது. ஆட்டத்தில் நேரம் குறைந்தால் பாட்டின் நடை விரையும் என்பது விதி. அதை நாங்கள் மறந்துபோனோம். சிறுமி ஒரு கணம் திகைத்தாள். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு அதன் பின்னே ஓடினாள், தடுக்கினாள், பிடித்தாள். நேரம் தீர்ந்து மீசைக்காரன் வீழ்ந்தபோது அவளும் கட்டைகளின் மேல் கையைப் போட்டுச் சிரித்தாள்.

வாசற்படியில் நின்றிருந்த பாட்டி சொன்னார்: "இந்தச் சனியன் பிடித்த பெட்டியா இவ்வளவு நன்றாகப் பாடுகிறது? அன்றைக்கு உன் அப்பனை எத்தனை திட்டியிருப்பேன்!" பழைய சாமான்காரர் அடுத்த முறை வந்தபோது செய்தித்தாள்களை மட்டுமே எடுத்துச் சென்றார்.

நாற்பது ஒலிபெருக்கிகளும் ஒரு பியானோவும்

வீட்டுக்கூடத்தில் விளையாட்டாக நிகழ்ந்ததைப் பெருமேடையில் தவமாகச் செய்தவர் நியூயார்க்கின் டிரிஸ்டன் பெரிச். விளையாட்டுச் சில்லையும்விட எளிய ஒலியை அவர் எடுத்துக்கொண்டார். மின்சாரம் உண்டு, இல்லை என்ற இரண்டே நிலைகள். அதனை 'ஒற்றைப் பிட்' ஒலி என்பர். 1982இல் வந்த 'ஸ்பெக்ட்ரம்' போன்ற மலிவான வீட்டுக் கணினிகள் பாடியதும் இவ்வகை ஒலியால்தான். 2010இல் அவர் ஐந்து பகுதிகள் உடைய ஒரு சிம்பொனியை, இசைத்தட்டு வைக்கும் மெல்லிய பெட்டிக்குள் ஒரு சில்லும் மின்கலமுமாக அமைத்து வெளியிட்டார். அதில் பதிவு செய்த ஒலி இல்லை. முடுக்கும் ஒவ்வொரு முறையும் சில்லே புதிதாக வாசிக்கும். கடைசிப் பகுதி நாம் நிறுத்தும் வரை ஓயாது.

அதன் பின் அவர் இயற்றிய 'சர்ஃபேஸ் இமேஜ்' என்னும் படைப்பு ஒரு பியானோவுக்கும் 40 தடங்களில் ஒலிக்கும் ஒற்றைப் பிட் ஒலிக்கும் உரியது. பியானோவின் இரு மருங்கிலும் சிறு ஒலிபெருக்கிகள் 40 வரிசையாக நிற்கும். நடுவே ஒருவர் அமர்ந்து ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஓயாமல் வாசிக்க வேண்டும். விக்கி சௌ என்னும் பியானோக் கலைஞர் இதனை வாசித்த ஒலிப்பதிவு 2014இல் வெளிவந்தது. தொடக்கத்தில் எது பியானோ, எது பெட்டி என்று நன்கு தெரிகிறது. போகப் போக ஓடைகள் ஆற்றில் கலந்தாற்போல் எல்லை அழிகிறது. பெட்டியின் குரல் தந்தியோ என்று மயங்குகிறோம். பியானோவின் குரல் மின்துடிப்போ என்று மயங்குகிறோம். ஆயின் ஒரு வேறுபாடு இறுதிவரை நிற்கிறது. நாற்பது குரல்களுக்கும் களைப்பு இல்லை. நடுவே இருக்கும் அந்த ஒருவருக்கு உண்டு. பிசகினால் அவை காத்திரா. அந்த இடரே நேர்முக வாசிப்பின் உயிர். செம்பூர்ச் சிறுமி தடுக்கிப் பிடித்த கணத்தில் நான் கண்டதும் அதே உயிர்தான்.

செய்து பார்க்க விரும்புவோர்க்கு

நம் வீட்டு இளைஞர் இதில் இறங்க விரும்பினால் சில சொற்கள். பழைய ஆட்டத்தின் பாட்டையே நம்பியிருக்கத் தேவையில்லை. 1989இல் வந்த 'கேம் பாய்' என்னும் கையடக்கப் பெட்டியிலேயே புதுப் பாட்டு இயற்ற உதவும் 'நானோலூப்', 'லிட்டில் சவுண்ட் டிஜே' போன்ற செயலிகள் 1990களின் இறுதி முதற்கொண்டு தோன்றின. பெட்டியே இல்லாதவர் அதன் சில்லைப் போலவே ஒலிக்கும் செயலிகளைக் கணினியில் பெறலாம்.

முதலில் சுருதியைச் சேருங்கள். கணினிச் செயலியானால் பியானோ இருக்கும் நிலைக்கு அதை இறக்குவது எளிது. ஒரே மெட்டை ஒரே ஸ்தாயியில் இரண்டிலும் வாசிக்காதீர்கள். துடிப்பலை கூர்மையானது, பியானோவை விழுங்கிவிடும். பெட்டி மேலே பாடினால் பியானோ கீழே நிற்கட்டும். முக்கோணக் குரல் அடியைத் தாங்கினால் பியானோ மேலே உலாவட்டும். ஒலிபெருக்கியைப் பியானோவுக்கு அருகிலேயே வைத்து, உரப்பைக் குறைத்து வையுங்கள். இரண்டும் ஒரே இடத்திலிருந்து எழுந்தால்தான் காது இரண்டையும் உறவாக ஏற்கும். யாவற்றினும் மேலாக, பெட்டியைப் பியானோ போலவும் பியானோவைப் பெட்டி போலவும் ஆக்க முயலாதீர்கள்.

பழைய பெட்டிகள் பழுதாகிக்கொண்டு வருகின்றன; அவற்றின் உள்ளுறுப்புகளும் மூப்படைகின்றன. பரணில் ஒன்று இருக்குமாயின், எறியுமுன் ஒரு முறை ஒலிக்கச் செய்து கேளுங்கள்.

ஜப்பானில் பிறந்த ஒரு பாட்டு, நகல் பெட்டியில் ஏறிக் கடல் கடந்து வந்து, நம் மின்சாரத்துக்கும் நம் திரைக்கும் ஏற்ப நடை தளர்ந்து, குரல் சற்றே மாறி, செம்பூரில் ஒரு வீட்டுப் பாட்டாயிற்று. பிறந்த ஊரில் அதைக் கேட்பவர்க்கு அது பிசகாகத் தோன்றலாம். ஊர் விட்டு ஊர் வந்து, பேச்சின் ஒலி சற்றே மாறி, வீட்டு வழக்கங்கள் சற்றே மாறி, எனினும் நாமாகவே வாழ்ந்துவரும் நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு அதன் நிலை புரியாமல் போகாது. அந்தச் சிறுமி மூலத்தின் நடையைப் பெட்டியின்மேல் திணிக்கவில்லை. தன் பியானோவை அதற்கு இசைத்தாள். அதன் பின்னரே பாட்டு பிறந்தது.